களைச்செடிகளை வைத்து மண்ணைப் படிப்பது எப்படி? வயலில் இறங்கிச் செய்ய ஒரு முழு வழிகாட்டி

புதிதாக நிலம் வாங்கியவர்கள், பல வருஷம் தரிசாகக் கிடந்த பூர்வீக நிலத்தை மறுபடி உழ நினைப்பவர்கள், தோட்டத்தில் ஒரு மூலை மட்டும் ஏன் விளங்கவே மாட்டேன் என்கிறது என்று குழம்பிக் கிடப்பவர்கள், உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எதையாவது அடித்துக் கொல்வதற்கு முன், ஜே.சி.பி. கூப்பிடுவதற்கு முன், அந்த நிலத்தில் தானாக முளைத்து நிற்பதை ஒரு தடவை முறையாகப் பாருங்கள். உழுதுவிட்டால் அந்தத் தகவல் போய்விடும், அடுத்த மழைக்குத்தான் திரும்ப வரும்.

## 1. செடி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

ஏக்கருக்கு எத்தனை கிலோ யூரியா என்று எந்தச் செடியும் சொல்லாது. ஈரம் நிற்கிறதா, உப்பு இருக்கிறதா, தழைச்சத்து (நைட்ரஜன்) குவிந்திருக்கிறதா வறண்டிருக்கிறதா, அடிமண் இறுகிவிட்டதா, இவற்றைத்தான் சொல்லும். எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, உங்கள் நிலத்தில் மண் எங்கே மாறுகிறது என்ற கோட்டைக் காட்டிக்கொடுப்பது. ஆய்வகத்துக்கு அனுப்பும் மண்ணை எங்கே எடுக்க வேண்டும் என்பதே அந்தக் கோட்டை வைத்துத்தான் தெரியும்.

இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தனிச் செடி சாட்சி ஆகாது. ஒரே குணமுள்ள மூன்று நான்கு வகைச் செடிகள் ஒரே இடத்தில் சேர்ந்து, செழிப்பாக, நிறைய நின்றால்தான் அது சாட்சி. வரப்போரத்தில் ஒரு எருக்கஞ்செடியைப் பார்த்துவிட்டு "இது வறண்ட மண்" என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

## 2. இறங்கும் முன் தேவையானவை

சாமான் அதிகம் வேண்டாம். மண்வெட்டி, கடப்பாரை, நோட்டு, போன், பழைய செய்தித்தாள், மூடியுள்ள கண்ணாடி பாட்டில் இரண்டு, ஒரு மீட்டர் நீளத்தில் நான்கு குச்சியைக் கட்டிச் செய்த சதுரச் சட்டம். ஒரு லிட்டர் மழைநீர் அல்லது ஆர்.ஓ. தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள், அது ஏன் என்பது 9-வது படியில் வரும்.

இதைவிட முக்கியம் நிலத்தின் கதை. பக்கத்து வயல்காரரிடமோ முன்பு உழுதவரிடமோ கேளுங்கள்: "ஐயா, குப்பைமேடு எங்கே போட்டிருந்தீங்க? ஆட்டுக்கிடை எந்தப் பக்கம் மறிச்சீங்க? கடைசியா என்ன வெச்சீங்க? களைக்கொல்லி அடிச்சீங்களா? இந்தக் கிணத்துத் தண்ணி உப்பா?" கிடை போட்ட இடத்திலும் குப்பை குவித்த இடத்திலும் கீரைவகைக் களைகள் காடாக வரும். அது அந்த இடத்தின் கதையே தவிர முழு நிலத்தின் கதை இல்லை. கேட்காமல் இறங்கினால் அந்த ஒரு திட்டைப் பார்த்து ஏமாந்துவிடுவீர்கள்.

களைக்கொல்லி அடித்த நிலம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். மருந்துக்குத் தப்பியவை மட்டும்தான் அங்கே நிற்கும், அவற்றைத் தேர்ந்தெடுத்தது மண் இல்லை. அந்தப் பட்டத்தை விட்டுவிட்டு அடுத்த மழைவரை பொறுத்திருங்கள்.

## 3. எப்போது பார்ப்பது

நல்ல மழை பெய்து மூன்று நான்கு வாரம் கழித்து, செடிகள் பூக்கத் தொடங்கும்போது. நம் ஊரில் இதற்கு இரண்டு சமயம் உண்டு: கோடைமழைக்குப் பிறகு ஆடிப்பட்டத்து உழவுக்கு முன்னால் ஒன்று, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மார்கழி வாக்கில் இன்னொன்று. பூ வந்தால்தான் பெயரைச் சரியாகப் பிடிக்க முடியும், முளைத்து ஒரு வாரத்தில் எல்லாமே இரண்டு இலைதான்.

நடுவே, பங்குனி சித்திரை வெயிலில் ஒரு நடை போய்ப் பாருங்கள். எல்லாம் காய்ந்து கிடக்கும்போது எங்கே மட்டும் பச்சை நிற்கிறதோ, அங்கே அடியில் ஈரம் இருக்கிறது. இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள், மழைக்காலக் கணக்கோடு கலக்க வேண்டாம்.

## 4. முதலில் நட, பிறகு குனி

வந்தவுடன் குனிந்து ஒவ்வொரு செடியாகப் பெயர் தேடத் தொடங்குகிறார்கள். வேண்டாம். முதல் சுற்றில் மேட்டிலிருந்து பள்ளம் நோக்கிக் குறுக்கும் நெடுக்குமாகச் சும்மா நடங்கள். நிறம் மாறும் இடம், உயரம் மாறும் இடம், வெறும் தரையாகக் கிடக்கும் இடம், இவை மூன்றையும் தாளில் கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு ஏக்கரில் இரண்டு முதல் நான்கு பகுதி வரும்.

வெறும் தரையும் ஒரு செய்திதான். சுற்றிலும் புல் நிற்க நடுவில் மட்டும் எதுவும் முளைக்காத வட்டம் இருந்தால் முதலில் அங்கே உப்பைத் தேடுங்கள்.

வரப்பு, வாய்க்கால் ஓரம், மரத்தடி, வண்டித்தடம், போர்வெல் தொட்டி அருகே, இவை எதையும் கணக்கில் சேர்க்காதீர்கள். அங்கெல்லாம் ஈரமும் மிதியும் வேறு. வயலின் மண்ணைப் பற்றி அவை எதுவும் சொல்லாது.

## 5. சட்டம் வைத்து எண்ணுவது

ஒவ்வொரு பகுதியிலும் நான்கைந்து இடத்தில் சட்டத்தைப் பின்னால் திரும்பி வீசுங்கள். விழுந்த இடம்தான் இடம். நீங்களே பார்த்து வைத்தால் கண்ணுக்குப் பிடித்த செடி இருக்கிற இடத்தில்தான் கை போகும்.

சட்டத்துக்குள் ஒவ்வொரு வகையும் தரையில் எவ்வளவு பங்கை மூடியிருக்கிறது என்று உத்தேசமாக எழுதுங்கள்: பாதி, கால், அங்கங்கே. அருகு மாதிரிப் படர்வதைத் தண்டு தண்டாக எண்ண முடியாது, எண்ணவும் தேவையில்லை. பெயர் தெரியாத செடியைப் பூவோடு ஒன்று பறித்துச் செய்தித்தாளில் வைத்து, ஊரில் ஆடு மேய்ப்பவரிடமோ கீரை பறிக்கும் பாட்டியிடமோ காட்டுங்கள். போன் செயலி சொல்லும் பெயரை அப்படியே நம்பிவிடாதீர்கள், ஒரே மாதிரி இருக்கும் புல்வகைகளை அது அடிக்கடி மாற்றிச் சொல்கிறது.

## 6. எந்தக் கூட்டம் எதைச் சொல்கிறது

தழைச்சத்து மிகுந்த மண். முள்ளுக்கீரை, குப்பைக்கீரை, குப்பைமேனி, ஊமத்தை, மணத்தக்காளி. இவை சேர்ந்து, இலை அகலமாக, கரும்பச்சையாக இருந்தால் அங்கே எரு மட்கிக் கிடக்கிறது. கீரைவகைகள் நைட்ரேட்டை அள்ளிக் குடித்துத் தண்டிலும் இலையிலும் சேர்த்து வைப்பவை, அதனால்தான் சாணம் விழுந்த இடத்தில் இந்த வேகம். கூடவே பருப்புக்கீரையும் சதைப்பிடிப்பாகப் படர்ந்திருந்தால் காய்கறிக்கு யோசிக்காமல் இறங்கலாம். ஆனால் இதே முள்ளுக்கீரை சாணளவு உயரத்தில் வெளிறிப்போய்ப் பூத்து நின்றால், விதை வந்து விழுந்தது, சாப்பாடு கிடைக்கவில்லை என்று அர்த்தம். பெயரை மட்டும் எழுதிவிட்டு உயரத்தை எழுதாதவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

தழைச்சத்து குறைந்த, மெலிந்த மண். கொழுஞ்சி, ஆவாரை, நத்தைச்சூரி, நெருஞ்சி, துணியில் குத்தி ஒட்டிக்கொள்ளும் ஊசிப்புல். சரளை கலந்த செம்மண்ணிலும் மேய்ந்து தேய்ந்த மேட்டிலும் இந்தக் கூட்டத்தைப் பார்க்கலாம். இதில் கொழுஞ்சி நமக்கு வேண்டியவன். காற்றிலிருந்து தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்வதால் மற்றவை தவிக்கிற இடத்தில் அது தழைக்கிறது. நிலத்தை மெல்ல மேலே கொண்டுவருகிற செடி அது, அழிக்காதீர்கள்.

சோளம், கரும்பு வைத்த வயலில் பயிரின் அடியில் சுடுமல்லி (பயிரின் வேரை உறிஞ்சி வாழும் களை) எட்டிப் பார்த்தால் மண் பட்டினி கிடக்கிறது என்று எழுதிக்கொள்ளுங்கள். இதன் காரணம் தெரிந்துகொள்ள வேண்டியது. மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தழைச்சத்தும் பற்றாதபோது சோளத்தின் வேர், தனக்கு உதவும் வேர்ப்பூசணத்தைக் கூப்பிடுவதற்காக ஒரு வேதிப்பொருளை மண்ணில் அதிகமாகக் கசியவிடுகிறது. மண்ணில் தூங்கிக்கொண்டிருக்கும் சுடுமல்லி விதை அதே பொருளை உணர்ந்துதான் முளைத்து வேரில் ஒட்டுகிறது. சும்மா பிடுங்கிக்கொண்டே இருந்தால் தீராது, மண்ணுக்குச் சாப்பாடு போட வேண்டும்.

ஈரம் நிற்கும், வடிகால் இல்லாத மண். கரிசலாங்கண்ணி, பொன்னாங்கண்ணி, வல்லாரை, பொடுதலை. வயலுக்குள்ளேயே நீர்முள்ளி, சம்பு வந்துவிட்டது என்றால் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கிறது. சத்து இருக்கும், ஆனால் நெல்லைத் தவிர மற்றவற்றின் வேர் மூச்சு முட்டி அழுகும். வாழை, மஞ்சள், மரவள்ளி வைக்க நினைத்தால் முதலில் வடிகால்.

உவரும் களரும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் செலவு வைக்கும் தவறு. கடலோரத்து உப்பு நிலத்தில் உமரி தடித்த இலையோடு செவந்து படர்ந்திருக்கும், காலையில் தரை வெள்ளையாகப் பூத்திருக்கும், அது உவர். உள்நாட்டில், திருச்சிப் பக்கம் பார்க்கிற மாதிரி, மழை பெய்தால் சேறாகக் குழைந்து காய்ந்தால் பாறையாகிவிடுகிற மண், அதில் அருகும் கொண்டைப்புல்லும் திட்டுத்திட்டாகவும் நடுவே வெறும் தரையும் சீமைக்கருவேலமும், இப்படியிருந்தால் களரைச் சந்தேகியுங்கள். களரில் பி.எச். (மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8.5-க்கு மேல் போகும், சோடியம் களிமண்ணில் ஒட்டிக்கொண்டு மண்கட்டியைச் சிதறடிக்கும். உவரில் உப்பு தண்ணீரில் கரைந்து கிடக்கிறது, மண்ணின் கட்டமைப்பு கெடவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

சீமைக்கருவேலத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். ஆடு மாடு அந்தக் காயைத் தின்று சாணம் போட்ட இடமெல்லாம் முளைக்கும், நல்ல மண்ணிலும் வளரும், கெட்ட மண்ணிலும் வளரும். பார்த்தீனியமும் அப்படியே, கிளறிப் போட்ட எந்த மண்ணிலும் வரும்.

கோரை. எல்லோரும் கேட்பது இதைப் பற்றித்தான். கோரை வந்தால் நிலம் கெட்டுவிட்டது என்பது பொய். தண்ணீர் பாயும், வெயில் விழும், அடிக்கடி உழும் நிலத்தில் கோரை பெருகும். உழவு கிழங்குச் சங்கிலியை அறுத்து ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக முளைக்க வைக்கிறது. சத்தைப் பற்றி அது பெரிதாக எதுவும் சொல்வதில்லை. நிழலைத் தாங்காது என்பதால் அடர்த்தியாக மூடும் பயிர் வைத்தால் அடங்கும்.

புளித்த மண். நீலகிரி, கொடைக்கானல் மாதிரி மலைப்பகுதிக்கு மட்டும். திறந்த சரிவில் பெரணி கூட்டமாக நின்றால் மண்ணில் அமிலத்தன்மை கூடுதல். தேயிலைக்கு அது பிடிக்கும், காய்கறிக்குச் சுண்ணாம்பு தேவைப்படலாம். ஈரச் சுவரிலும் ஓடை இடுக்கிலும் வரும் பெரணியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

மேய்ச்சல் காடு. காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கொறங்காட்டில் கொழுக்கட்டைப்புல் குத்துக்குத்தாக அடர்ந்திருந்தால் காடு நல்ல நிலையில் இருக்கிறது. அது குறைந்து ஊசிப்புல் ஏறினால் அளவுக்கு மீறி மேய்ந்திருக்கிறது. உரம் போடுவதற்கு முன் ஆடுகளை வெளியே எடுத்து ஓய்வு கொடுங்கள்.

## 7. இலையின் நிறம் பார்ப்பது

ஒரே வகைச் செடியை எல்லாப் பகுதியிலும் ஒப்பிடுங்கள். குப்பைமேனியைக் குப்பைமேனியோடு, துத்தியைத் துத்தியோடு. வேறு வேறு செடிகளின் பச்சையை ஒப்பிடுவதில் பிரயோசனம் இல்லை.

கீழ் இலைகள் முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறை. செடி பழைய இலையிலிருந்து உருவிக் கொழுந்துக்குக் கொடுப்பதால் அப்படி. கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்துக் கிடைக்கவில்லை. கோவைப் பக்கம் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) கலந்த மண்ணில் இது சகஜம், இரும்பு மண்ணில் இருக்கும், சுண்ணாம்பு அதைக் கட்டிப் போட்டிருக்கும். இலை ஓரம் கருகினால் சாம்பல்சத்துக் குறை அல்லது உப்பு, இரண்டில் எது என்பதைச் செடிக்கூட்டத்தை வைத்துப் பிரியுங்கள்.

## 8. பிடுங்காதீர்கள், தோண்டி எடுங்கள்

பகுதிக்கு மூன்று செடி, ஆணிவேர் உள்ளதாகப் பார்த்து, சுற்றிலும் மண்வெட்டியால் வெட்டி மண்ணோடு தூக்குங்கள். இழுத்துப் பிடுங்கினால் பார்க்க வேண்டிய நுனிவேர் மண்ணிலேயே அறுந்துபோகும்.

ஆணிவேர் நேராக இறங்கியிருந்தால் நல்லது. ஒரு சாண் ஆழத்தில் சட்டென்று வளைந்து பக்கவாட்டில் ஓடியிருந்தால் அடியில் இறுகிய அடுக்கு இருக்கிறது. அதே ஆழத்தில் மூன்று செடியும் வளைந்தால் சந்தேகமே இல்லை. வருஷாவருஷம் ஒரே ஆழத்தில் ரோட்டவேட்டர் ஓட்டிய நிலத்தில் இதை அடிக்கடி பார்க்கலாம். கடப்பாரையைக் குத்திப் பார்த்தால் அந்த ஆழத்தில் கைக்கே தெரியும்.

கொழுஞ்சி, நரிப்பயறு மாதிரிப் பயறுவகைச் செடி கிடைத்தால் வேரைத் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். கடுகளவு, மிளகளவு முடிச்சுகள் தெரியும். ஒன்றை நகத்தால் கீறுங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக, ரத்தக்கசிவு மாதிரி இருந்தால் தழைச்சத்துப் பிடிக்கும் வேலை நடக்கிறது. பச்சையாகவோ சாம்பலாகவோ இருந்தால் வேலை நின்றுவிட்டது, வெள்ளையாக இருந்தால் இன்னும் தொடங்கவில்லை. பூக்கும் சமயத்தில் பாருங்கள், காய் முற்றியபின் பார்த்தால் எல்லாமே செத்த முடிச்சாகத்தான் இருக்கும்.

## 9. பாட்டில் சோதனை

களரா என்று சந்தேகம் வந்த இடத்திலிருந்து சுண்டைக்காய் அளவு காய்ந்த மண்கட்டியை எடுத்து, மழைநீர் ஊற்றிய பாட்டிலுக்குள் மெதுவாக இறக்குங்கள். ஆட்டக் கூடாது. கட்டி உடைந்து அடியில் குவிந்து தண்ணீர் தெளிவாகவே இருந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி ஒரு வளையம் பரவி, சில மணி நேரத்தில் தண்ணீரே கலங்கிப்போனால் சோடியம் அதிகம்.

போர்வெல் தண்ணீரில் செய்தால் சோதனை பொய் சொல்லும். அந்தத் தண்ணீரில் உள்ள உப்பே களிமண் சிதறுவதைத் தடுத்துவிடும். மழைநீர் கேட்டது இதனால்தான்.

சுக்கான் சந்தேகத்துக்கு, கொஞ்சம் மண்ணில் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு உண்டு.

## 10. இப்போதுதான் மண் மாதிரி

முழு நிலத்துக்கும் சேர்த்து ஒரே மாதிரி எடுத்தால் மேடும் பள்ளமும் களரும் கலந்து, எந்தப் பகுதிக்கும் பொருந்தாத சராசரி ஒன்று வரும். 4-வது படியில் பிரித்தீர்களே, அந்தப் பகுதி ஒவ்வொன்றுக்கும் தனி மாதிரி. ஒவ்வொரு பகுதியிலும் 10 முதல் 15 இடத்தில் மேல் குப்பையை ஒதுக்கி, 15 செ.மீ. ஆழத்துக்கு ஆங்கில "வி" வடிவில் வெட்டி, இரு ஓரத்திலிருந்தும் சீராக மண்ணைச் செதுக்கி எடுங்கள். ஒன்றாகக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளிக்கொண்டே வந்து அரைக் கிலோவாகக் குறையுங்கள். நிழலில் உலர்த்துங்கள். கிடை போட்ட இடம், குப்பைமேடு, அண்மையில் உரமிட்ட இடம் வேண்டாம். தென்னை, மா வைப்பதாக இருந்தால் 30, 60, 90 செ.மீ. ஆழத்திலும் தனித்தனியாக எடுக்க வேண்டும்.

வேளாண்துறையின் மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுக்கலாம். முடிவு வந்ததும் முதலில் பி.எச்., அடுத்து உப்பின் அளவு, அப்புறம் கரிமச்சத்து. கரிமச்சத்து 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்றால் குறைவு, 0.75-க்கு மேல் என்றால் நல்ல அளவு. உங்கள் செடிக் குறிப்பை ஆய்வக முடிவுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் நிம்மதி. ஒத்துப்போகவில்லை என்றால் மாதிரி எடுத்த இடத்தையும் செடியின் பெயரையும் மறுபடி சரிபாருங்கள், ஆனால் உரக்கணக்குக்கு ஆய்வக எண்ணைத்தான் எடுக்க வேண்டும்.

## 11. எதற்கு என்ன செய்வது

வரிசை முக்கியம்: தண்ணீர், பிறகு உப்பு, பிறகு இறுக்கம், கடைசியில் சத்து. தண்ணீர் நிற்கிற இடத்தில் போட்ட தழைச்சத்து காற்றோடு போகும், களரில் போட்ட உரம் வேருக்குப் போய்ச் சேராது.

ஈரம் நிற்கும் பகுதிக்குப் பள்ளத்தை நோக்கி வடிகால் வெட்டுங்கள். உவர் என்றால் நல்ல தண்ணீரைத் தேக்கி வடித்து உப்பைக் கழுவ வேண்டும், ஜிப்சம் போட்டுப் பணத்தை வீணாக்காதீர்கள். களர் என்றால் ஜிப்சம்தான் மருந்து. அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தைப் பிடிக்கும். எவ்வளவு என்பதை ஆய்வகத்தில் ஜிப்சம் தேவைச் சோதனை செய்து கேளுங்கள். முதலில் சமப்படுத்தி, வரப்பும் வடிகாலும் போட்டு, பிறகு ஜிப்சம் தூவி, நல்ல தண்ணீர் தேக்கி, வடித்துவிட வேண்டும். வடிகால் இல்லாமல் ஜிப்சம் போட்டால் வெளியேறிய சோடியம் அங்கேயே உட்கார்ந்திருக்கும். அடுத்து தக்கைப்பூண்டு விதைத்துப் பூக்கும் சமயத்தில் மடக்கி உழுங்கள், அது களரைத் தாங்கி வளரும். நெல் வைப்பவர்கள் திருச்சி வேளாண் கல்லூரியிலிருந்து வந்த டி.ஆர்.ஒய். ரகங்களைக் கேட்டுப் பாருங்கள், களரைத் தாங்குவதற்காகவே உருவாக்கியவை.

அடிமண் இறுக்கத்துக்கு உளிக்கலப்பை. அரை மீட்டர் இடைவெளியில் ஒரு திசையில் ஓட்டி, பிறகு குறுக்கே ஓட்டுங்கள். மண் காய்ந்திருக்கும்போது ஓட்டினால்தான் அடுக்கு நொறுங்கும், ஈரத்தில் ஓட்டினால் வெறும் கீறல்தான் விழும்.

மெலிந்த மண்ணுக்குச் சணப்பையோ பலதானியக் கலவையோ விதைத்து மடக்கி உழுங்கள். கொழுஞ்சியும் எருக்கும் ஆவாரையும் நிறைய இருந்தால் பூக்கும் முன் தழையை வெட்டி நெல் வயலில் மிதித்துவிடலாம். தழைச்சத்து மிகுந்த திட்டில் அடியுரமாக யூரியா வேண்டவே வேண்டாம், அங்கே போட்டால் நெல் சாயும், பூச்சி கூடும்.

## 12. அடுத்த பட்டத்தில் அதே இடத்தில்

சட்டம் விழுந்த இடங்களுக்குப் போனில் படமும் இடக்குறிப்பும் எடுத்து வைத்திருங்கள். அடுத்த வருஷம் அதே மாதத்தில், அதே அளவு மழைக்குப் பிறகு, அதே இடத்தில் பாருங்கள். மழை பொய்த்த வருஷத்தை நல்ல மழை வருஷத்தோடு ஒப்பிட்டால் எல்லாமே மோசமாகிவிட்ட மாதிரித் தெரியும்.

களரில் வெறும் தரை சுருங்கி அகல இலைக் களைகள் உள்ளே நகர்ந்து வருவது முதல் நல்ல அறிகுறி, பி.எச். எண் இறங்க அதைவிட நாளாகலாம். மெலிந்த மேட்டில் ஊசிப்புல்லும் நெருஞ்சியும் குறைந்து துத்தியும் குப்பைமேனியும் முழங்கால் உயரத்துக்கு வந்தால் எரு வேலை செய்கிறது. எதுவுமே மாறவில்லை என்றால் உரத்தைக் கூட்டாதீர்கள், திரும்ப 8-வது படிக்குப் போய் வேரைத் தோண்டிப் பாருங்கள்.